பன்றிக்குத் துவக்கா, வேலியா?

கிழங்குப் பாத்தி ஒரே இரவில் உழுது போட்டதுபோலக் கிடப்பதை விடியற்காலையில் போய்ப் பார்த்தவர்களுக்கு, "கையில் ஒரு துவக்கு இருந்திருந்தால்" என்ற நினைப்பு வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. மஸ்கெலியாப் பக்கம் லயத்துக்குப் பின்னால் நாங்கள் போட்டிருந்த உருளைக்கிழங்கும் போஞ்சியும் மூன்று மாதப் பாடு. அன்று மத்தியானமே ஒருவர் வந்து, "அண்ணே, ஒரு சாமான் இருக்கு, மலிவா முடிச்சுத் தாறேன்" என்றார். அவர் கெட்ட மனிதரில்லை. அவருடைய மரவள்ளியும் அதே கிழமைதான் போயிருந்தது.

நான் அந்தச் சாமானை வாங்கவில்லை. அதன் பிறகு துவக்கு, கம்பி, தகரம், மின்வேலி என்று ஒவ்வொன்றையும் விசாரித்தேன், சிலவற்றைச் செய்தும் பார்த்தேன். ஹட்டன், நோர்வூட், அக்கரப்பத்தனை, கந்தப்பளை என்று எங்கே மரக்கறி போட்டாலும் இந்தக் கேள்வி வரும் என்பதால் அறிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அந்த மலிவுச் சாமான். நம் பக்கத்தில் இதைக் கல்கட்டாஸ் என்பார்கள். ஊர்ப் பட்டறையில் கள்ளமாகச் செய்யப்படும் துவக்கு. விலையைக் கேட்டால் கைக்கு எட்டுவதுபோல இருக்கும். ஆனால் துவக்கு என்பது கையிலும் கன்னத்திலும் ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு வெடியை அடக்கி வைக்கும் குழாய். அந்தக் குழாய் எந்த இரும்பு, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது. லண்டனில் 1637 இலிருந்தும் பர்மிங்ஹாமில் 1813 இலிருந்தும் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் நடக்கின்றன. ஒவ்வொரு குழலையும் வழமையைவிடக் கூடுதல் மருந்து போட்டு வெடிக்கவைத்துப் பார்த்து, தாங்கியதற்கு மட்டும் முத்திரை குத்துவார்கள். அந்தக் காலத்துத் துரைமார் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த வேட்டைத் துவக்குகளின் குழலடியில் கிரீடம் போட்ட சின்ன முத்திரைகள் இருப்பது அதனால்தான். கல்கட்டாஸுக்கு அந்தச் சோதனையை நடத்துவது அதை வாங்கியவரின் முகமும் கையும்.

மலிவுத் துவக்கின் தரக்கேடு நம் பட்டறைகளோடு நிற்கும் கதையுமில்லை. அமெரிக்காவில் 1968 ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் வெளிநாட்டு மலிவுக் கைத்துப்பாக்கிகளின் வரவைக் கட்டுப்படுத்தியதும், கலிபோர்னியாவில் ரேவன் ஆர்ம்ஸ் போன்ற கம்பனிகள் அந்தச் சந்தையைப் பிடித்தன. சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னத் துப்பாக்கி, சின்ன ரவை. உடலை வார்த்தது உருக்கில் இல்லை, துத்தநாகக் கலவையில். உருக்கு உருக 1,400 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். இந்தக் கலவைக்கு 400 பாகை கூட வேண்டியதில்லை. அதனால் சில மாநிலங்கள், குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழே உருகும் உலோகத்தில் செய்த துப்பாக்கியை விற்கக் கூடாது என்றே சட்டம் போட்டன. முறையான தொழிற்சாலையில், சட்டத்தின் கண்முன்னால் செய்த மலிவுச் சாமானுக்கே இந்த நிலை. விலை குறைவதற்காக அங்கே விட்டுக்கொடுத்தது உலோகத்தை. நம் பட்டறைச் சாமானில் உலோகமும் போகிறது, அளவும் போகிறது, சோதனையும் போகிறது.

நம் மலையில் இதற்கு இன்னொரு எதிரி ஈரம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இலங்கையிலேயே கூடுதலாக மழை கொட்டும் இடங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் கிடக்கிறது. லயத்துக் கூரைக்கடியில் ஒளித்துவைத்த குழல் வெளியே நல்லாயிருப்பதுபோலத் தெரிந்தாலும் உள்ளே துருப்பிடித்து அரித்திருக்கும். ஒளித்துவைக்க வேண்டிய சாமானை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பராமரிக்கவும் முடியாது. எங்கள் டிவிசனில் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவரை எல்லாருக்கும் தெரியும். ஏன் அப்படி ஆனது என்று யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு குற்றம் என்பதால் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்பட்டிருக்கிறார். தாமதித்ததில் போனதுதான் மூன்றாவது விரல்.

சரி, சட்டப்படி துவக்கு எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம். 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பிலிருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு வேட்டைத் துவக்குக்கான அனுமதி மாவட்டச் செயலகம் வழியாக வரும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்பது வேறு கணக்கு. தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று பாதுகாப்பு அமைச்சு கொடுப்பது அது. 2024 நவம்பரில் அப்படிக் கொடுத்தவற்றையே திரும்ப ஒப்படைக்கச் சொல்லி அமைச்சு மீளாய்வு செய்தது. மரக்கறிப் பாத்திக்குக் கைத்துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை.

வேட்டைத் துவக்குக்கு விண்ணப்பிக்கும்போது காணிப் பத்திரம் கேட்கப்படும். நம் இடறல் அங்கேதான் தொடங்குகிறது. தோட்டத்தில் பாத்தி போடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த மண் சொந்தமில்லை, தோட்டம் விட்டுவைத்திருக்கும் இடம் அது. பத்திரம் கிடைத்தவர்களுக்கும் 7 பேர்ச், புதிய வீட்டுத் திட்டத்தில் 10 பேர்ச். இருநூறு வருடம் உழைத்த சமூகத்துக்குத் துண்டு துண்டாக வந்த காணி அவ்வளவுதான், அதைச் சொல்லும்போது மனம் நோகாமல் இல்லை. பத்திரம் இருந்து, அனுமதி கிடைத்து, நல்ல துவக்கும் வாங்கினாலும் அந்த 7 பேர்ச்சுக்கு அது பொருந்துமா? 12 போர்த் தோட்டாவில் வரும் சன்னம் 200 மீட்டருக்கு அப்பாலும் போகக்கூடியது. பாத்தியோ ஒரு பக்கம் 13 மீட்டர். அதற்கடுத்தது லயம், பிள்ளைமடுவம், இரவில் வெளியே கால் வைக்கிறவர்கள். மேல் மலையில் ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறவருக்கு, சுடத் தெரிந்தால், இது ஒரு வழி. லயத்துப் பாத்திக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

காற்றுத் துவக்கைப் பற்றியும் கேட்கிறார்கள், குரங்குத் தொல்லை கூடியதிலிருந்து இன்னும் அதிகமாக. பெரும்பாலும் 4.5 மில்லிமீட்டர், 5.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவில் வரும் சின்ன ஈயக் குண்டு, பன்றியின் தோளில் இருக்கும் தடித்த தோலில் காயம் மட்டும் போடும். காயம்பட்ட பன்றி கானுக்குள் படுத்திருக்கும். மறுநாள் காலையில் கொழுந்துக்குப் போகும் பெண்கள்தான் அதன் முன்னால் போய் நிற்பார்கள். பன்றிக்கு இது வேண்டாம். வேறு எதற்காவது வாங்க நினைப்பவர் பொலிஸிலும் பிரதேச செயலகத்திலும் கேட்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

கட்டுத்துவக்கையும் கம்பிச் சுருக்கையும் பற்றி நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆள் இல்லாமல் தானே வெடிக்கும்படி பாதையில் கட்டிவைப்பது கட்டுத்துவக்கு. பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதருக்கு முழங்காலில் படும். இலங்கை மருத்துவர்கள் எழுதிய ஆய்வுகளிலும் இந்தக் காயம் பெரும்பாலும் காலில்தான். விறகுக்குப் போனவர், மாட்டைத் தேடிப் போனவர் என்று அகப்பட்டவர்கள் எல்லாரும் நம்மைப் போன்றவர்களே.

சுருக்கு அதைவிட மலிவு. பழைய கிளட்ச் கம்பி போதும், காசே தேவையில்லை. நீடித்த உழைப்பு என்று பார்த்தால் இந்தப் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான், அதன் கேடும் அதுதான். வைத்தவர் மறந்துபோவார், வேறு தோட்டத்துக்கு மாறிப்போவார். கம்பி மறக்காது. கிழங்கு தோண்டி முடிந்து அடுத்த போகம் வந்த பிறகும் பாதையில் திறந்த வாயோடு காத்திருக்கும். 2020 மே 26 ஆம் திகதி, நல்லதண்ணி லக்ஷபான தோட்டப் பகுதியில் அப்படி ஒரு பன்றிச் சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று அகப்பட்டது. சிவனொளிபாதமலைக் காட்டை அண்டிய இடம். கருப்பாகப் பிறக்கும் சிறுத்தை இந்த நாட்டில் மிக மிக அரிது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். கழுத்துக் காயம் ஆறவில்லை. மே 29 ஆம் திகதி இறந்தது.

அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், சிறுத்தை பன்றியைத் தின்னும் பிராணி. பன்றியைக் குறைக்க வைத்த கம்பி, பன்றியைக் குறைத்துக்கொண்டிருந்ததையே கொன்றுபோடுகிறது. நாயைக் காவலுக்கு வெளியே கட்டுவதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். இரவில் கட்டிய நாய் சிறுத்தையை லயத்து வாசலுக்கே கூப்பிடும். நாய் வேண்டும் என்றால் கூட்டில் அடைத்து வையுங்கள், குரைத்தால் போதும்.

இனி வேலி. என் காசைப் போட்ட இடம் இதுதான்.

கூரை மாற்றும்போது கழற்றிப்போடும் பழைய தகரம்தான் நம் பக்கத்தில் முதல் வேலி, அது நல்ல வேலியும்கூட. பன்றிக்கு மூக்கு கூர்மை, கண் அப்படியில்லை. அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாத தகரத்தை முட்டிப் பார்க்கத் தயங்கும். ஆனால் அடியைத் தோண்டும். அதனால் தகரத்தை அரை அடியாவது மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கம் கல் அடுக்க வேண்டும். மண்ணில் புதைந்த பகுதிதான் முதலில் துருப்பிடிக்கும், பக்கத்தில் உரம் போட்டால் இன்னும் வேகமாக. இறக்குமுன் அந்தப் பகுதிக்குத் தார் பூசுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் அடி போனால் தகரத்தைக் கழற்றித் தலைகீழாக நட்டால் இன்னொரு சுற்று உழைக்கும்.

புதிதாக வலை வாங்குகிறவர் கேஜ் எண்ணைக் கேளுங்கள். எண் கூடினால் கம்பி மெலிவு, இதை மாற்றி விளங்கி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். கோழி வலையைப் பன்றி ஒரே தள்ளில் கிழித்துவிடும். ஒட்டு வலையில் கம்பிகள் ஒட்டும் மூலைகளை உற்றுப் பாருங்கள். ஒட்டிய பிறகு துத்தநாகம் பூசியதென்றால் மூலையும் மூடியிருக்கும். பூசிய கம்பியை ஒட்டியதென்றால் சூடுபட்ட கறுப்புப் புள்ளி தெரியும், துரு அங்கேதான் தொடங்கும். மழை குறைந்த ஊரில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. நம் ஊரில் அது சில வருடங்களின் வித்தியாசம். முள்ளுக்கம்பியை மட்டும் நம்பிக் காசைப் போட வேண்டாம், அடிக்கம்பிக்குக் கீழே பன்றி குட்டிகளோடு நுழைந்துவிடும்.

தூணுக்கு, ஹட்டனுக்குக் கீழே என்றால் கிளிறிசீடியா நட்டு உயிர்வேலியாக வளர்க்கலாம். நுவரெலியாக் குளிரில் அது சரியாக வராது. அங்கே கொங்கிறீட் தூண் அல்லது அடியில் தார் பூசிய மரம்தான் நல்லது. பன்றிக்குக் குழி வெட்டலாம் என்றும் சிலர் சொல்வார்கள். சரிவில் ஆழமாக வெட்டிய குழி மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும், மண்சரிவுப் பயத்தோடு வாழும் நாம் அதைச் செய்யவே கூடாது.

மின்வேலியில் இரண்டு உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் உயிர் போகிறது. வீட்டுக் கரண்டை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது கொலைக்கம்பி. சட்டத்துக்கு விரோதம், தொட்டவரை விடாது. எனர்ஜைசர் என்ற கருவி வழியாகக் கொடுப்பது வேறு. ஆயிரக்கணக்கான வோல்ட், ஆனால் செக்கனுக்கு ஒரு தடவை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சின்னத் துடிப்பு. அடித்துத் தள்ளிவிடும். பன்றிக்கு ஒரு சாண் உயரத்தில் ஒரு கம்பி, இரண்டு சாணில் ஒரு கம்பி போதும். இதன் குறை நம் மழைதான். நனைந்த புல் கம்பியில் பட்டால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும், ஆகவே கிழமைக்கு ஒருமுறை அடிப்புல் வெட்டியே ஆக வேண்டும். ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை வெயில் இல்லாததால் சோலார் தகடும் பெட்டரியை நிரப்பத் திணறும். புல் வெட்ட ஆள் இல்லாத வீட்டுக்கு இது வேண்டாம்.

செலவைக் கேட்டால் தகரமும் வலையும் துவக்கைவிடக் கூட என்றுதான் தோன்றும். நம் நாட்சம்பளத்தில் எத்தனை நாள் என்று எண்ணினால் மலைப்பாக இருக்கும். அங்கேதான் நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். 7 பேர்ச் என்பது 177 சதுர மீட்டர். தனியாகச் சுற்றி அடைத்தால் 53 மீட்டர் வேலி. பக்கம் பக்கமாக இருக்கும் இருபது பாத்திகளைச் சேர்த்துச் சதுரமாக அடைத்தால் மொத்தமே 238 மீட்டர். ஒரு வீட்டுக்கு 12 மீட்டர்தான் வரும். மலையில் எந்த இடமும் சதுரமாக இராது, ஆகவே 15 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 53 மீட்டருக்குக் காசில்லாத வீடு 15 மீட்டருக்குக் கொடுக்கும். நாங்கள் பதினாறு வீடு சேர்ந்தோம். ஒரு வீடு காசுக்குப் பதிலாகத் தூண் நட்டது, ஒரு வீடு புல் வெட்டும் பொறுப்பை எடுத்தது. போன போகத்தில் கீழ்மூலையில் மழைக்குக் கல் சரிந்த இடத்தால் பன்றிகள் ஒரு தடவை நுழைந்தன. மற்றபடி கிழங்கு வீட்டுக்கு வந்தது.

உங்கள் பாத்திக்குப் பக்கத்திலும் யாரோ எப்போதோ வைத்த கம்பி இன்னும் கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகப் போய்ப் பாருங்கள், கண்டதைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். கட்டுத்துவக்குப் போல ஏதும் தெரிந்தால் கிட்டப் போகாமல் 119 இல் பொலிஸுக்குச் சொல்லுங்கள். கம்பியில் சிறுத்தை அகப்பட்டிருந்தால் கூட்டம் சேர்க்காமல், சத்தம் போடாமல் தள்ளி நின்று வனஜீவராசிகள் திணைக்களத்தை 1992 என்ற இலக்கத்தில் கூப்பிடுங்கள்.