இருமும்போது வலி எவ்வளவு?

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற இதழில் தம்பி எழுதிய கட்டுரையை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. முதல் முறை சந்தோஷத்தோடு, இரண்டாம் முறை கோபத்தோடு. மைட்ரல் வால்வு மாற்றிக்கொண்ட 38 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவுக்கு முதுகின் இரண்டு பக்கமும் மரப்பு மருந்து செலுத்தும் ஈரெக்டர் ஸ்பைனே பிளாக் போட்டதையும், மூச்சு ட்யூப் எடுத்த பிறகு அவர் வலிக்குப் பத்துக்கு ஒன்று என்று சொன்னதையும் எழுதியிருந்தார். ஒன்று எப்போது? படுத்திருக்கும்போதா, இருமும்போதா? கட்டுரை முழுக்கத் தேடியும் பதில் கிடைக்கவில்லை.

நெஞ்செலும்பை நடுவில் அறுத்து ஸ்டீல் கம்பியால் கட்டிய பிறகு அசையாமல் கிடந்தால் யாருக்கும் மதிப்பெண் குறைவாகத்தான் வரும். மறுநாள் காலை ஐசியுவில் பிசியோதெரபிஸ்ட் வந்து தலையணையைக் கொடுத்து, “நெஞ்சோட கட்டிப்பிடிச்சு இருமுங்கம்மா” என்று சொல்லும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. பிளாக் வேலை செய்யாதவர் தொண்டையால் மட்டும் ‘க்கும்’ என்பார். அது இருமல் இல்லை. மூன்று பந்து வைத்த ஸ்பைரோமீட்டரைக் கையில் கொடுத்தால் முதல் பந்து ஏறும், இரண்டாவது பாதியில் நடுங்கி விழும், மூன்றாவது இடத்தை விட்டு அசையாது. மூச்சை இழுக்கப் பயந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், இரண்டு நாளில் காய்ச்சல் வரும். பிளாக் போடுவதே அந்தப் பந்துக்காகத்தான். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கட்டுரையில் ‘ஒன்று’ என்ற எண்ணுக்கு என்ன பொருள்?

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1969ல் பாஸ்டனில் லோவன்ஸ்டைன் குழுவினர் இதய அறுவை சிகிச்சைக்கு மார்ஃபினைப் பெரிய அளவில் கொடுக்கலாம் என்று எழுதினார்கள். பிறகு அந்த இடத்துக்கு ஃபென்டனில் வந்தது. இக்கடிதம் எழுதுகிறவன் பயிற்சி பெற்ற காலத்தில் நோயாளி ஓர் இரவு முழுவதும் வென்டிலேட்டரில் தூங்குவார். தூங்குகிறவருக்கு வலியில்லை என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அப்படித் தூங்கி எழுந்தவர் ஒரு நெசவாளி. காலையில் ட்யூப் எடுத்த பிறகு ‘வலிக்குதா ஐயா?’ என்று கேட்டதற்குத் தலையை இல்லை என்று ஆட்டினார். கேஸ் ஷீட்டில் ‘வலி இல்லை’ என்று எழுதியாயிற்று. பத்து நிமிஷத்தில் அவருக்குத் தும்மல் வந்தது. இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்தில் நின்ற மூத்த சிஸ்டர் ஒன்றும் பேசாமல் பேனாவை வாங்கி, அந்த வரிக்குக் கீழே ‘தும்மும்போது அழுதார்’ என்று எழுதினார். அந்த ஐசியுவில் வலியைச் சரியாக அளந்த முதல் குறிப்பு அதுதான். அன்றிலிருந்து இருமச் சொல்லாமல் யாருடைய மதிப்பெண்ணையும் இவன் எழுதியதில்லை.

அடுத்து, டிரெயின் என்னும் வடிகுழாய். வலிக்கிற இடத்தை ஒரே விரலால் காட்டச் சொன்னால் பலருடைய விரல் நெஞ்செலும்புக்குப் போகாது. அதற்குக் கீழே, மேல்வயிற்றில் குழாய் செருகிய இடத்தில் போய் நிற்கும். நெஞ்செலும்புக்கு உணர்ச்சி தருவது இரண்டு முதல் ஆறு வரையான விலாவிடை நரம்புகளின் கடைசிக் கிளைகள். குழாய் நுழையும் தோல் அதற்குக் கீழே உள்ள நரம்புகளின் பங்கு. நெஞ்செலும்பின் ஓரத்தில் எவ்வளவு அழகாக பிளாக் போட்டாலும் அங்கே எட்டாது. வயிற்றின் ரெக்டஸ் தசை உறையில் தனியாக மருந்து விட வேண்டும். பைபாஸ் நோயாளியானால் சிரை எடுத்த காலையும் கேட்க வேண்டும்.

முதுகா முன்பக்கமா என்பதில் தம்பியோடு ஒத்துப்போக முடியவில்லை. ஃபொரேரோ 2016ல் ஈரெக்டர் ஸ்பைனே பிளாக்கை முதலில் விவரித்தது நெஞ்சு நரம்பு வலிக்காக. இதய அறுவைக்கு அது பரவியதற்குக் காரணம் புரிகிறது: ஹெப்பாரின் கொடுக்கப் போகிறவருக்கு எபிடூரல் போடப் பலருக்கு மனம் வராது. டெல்லி எய்ம்ஸ் குழு 106 பேரிடம் செய்து 2019ல் வெளியிட்ட ஆய்வில் முதுகு பிளாக் போட்டவர்களுக்கு வலி சுமார் ஒன்பது மணி நேரம் அடங்கியிருந்தது. பாராசிட்டமாலும் டிரமடாலும் பெற்றவர்களுக்கு அதில் பாதி. நல்ல முடிவுதான். ஆனால் சடலங்களில் சாயம் செலுத்திப் பார்த்தவர்களுக்கு ஒரே பதில் வரவில்லை. சில உடல்களில் சாயம் நரம்பின் முன்கிளை வரை போயிருக்கிறது, சிலவற்றில் முதுகுத் தசையோடு நின்றுவிட்டது. கிளம்புகிற இடத்தில் பிடிக்கப் பார்ப்பதைவிட, நரம்பு வந்து சேருகிற இடத்தில், மார்புத் தசைக்கும் விலாவிடைத் தசைக்கும் நடுவே மருந்தை விடுவது இவனுக்குச் சரியாகப் படுகிறது. மல்லாக்கப் படுத்திருப்பவரைத் திருப்பவும் வேண்டாம். அதற்கும் கீழே உள்ள ஆழமான அடுக்கில் மார்பின் உள்தமனி ஓடுகிறது, அங்கே ஊசியைக் கொண்டுபோகத் துணிச்சல் தேவையில்லை, காரணம் தேவை.

கோபம் உச்சத்துக்குப் போனது ‘இருபுறமும் வழக்கமான 20 மி.லி.’ என்ற வரியில். எந்த வலிமையில்? ரோபிவகெய்ன் 0.2 சதவீதமானால் 40 மி.லி.யில் 80 மி.கி. 0.375 சதவீதமானால் 150 மி.கி. கிலோவுக்கு 3 மி.கி. என்று கணக்கிட்டால் 38 கிலோ அம்மாவுக்கு எல்லை 114 மி.கி. ஒரே 20 மி.லி.தான், ஒன்று பத்திரம், மற்றொன்றில் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். வால்வு நோயால் மெலிந்துபோனவர்கள்தான் நம் மேஜைக்கு அதிகம் வருகிறார்கள். மரப்பு மருந்தை மி.லி.யில் எழுதும் பழக்கத்தைத் தம்பி இன்றே விட வேண்டும். மரப்பு மருந்து நச்சானால் கொடுக்க வேண்டிய 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முதல் டோஸ் கிலோவுக்கு 1.5 மி.லி.; இந்த அம்மாவுக்கு 57 மி.லி.

இவ்வளவு திட்டிய பிறகும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஏசி அறையில் சில்லென்று இருந்த ஸ்கேன் ஜெல்லியை அந்த அம்மாவின் முதுகில் தடவும் முன் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கியதைத் தம்பி எழுதியிருக்கிறாரே, அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. மருந்து இறங்கியதும் தசை மெல்ல மேலே எழும்பும் காட்சியை இவ்வளவு துல்லியமாகத் தமிழில் யாரும் எழுதி இவன் படித்ததில்லை. அப்படிப் பார்க்கத் தெரிந்த கண் இது. அதனால்தான் இத்தனை பக்கம்.

ரத்த உறைவின் அளவான ஐ.என்.ஆர். பார்க்க அந்த அம்மா திரும்ப வருவார். அப்போது அவரை ஐந்து நிமிஷம் உட்காரவைத்து, அறுவை முடிந்த மறுநாள் எங்கே அதிகமாக வலித்தது என்று ஒரே விரலால் காட்டச் சொல்ல வேண்டும். விரல் எங்கே போனது என்பதைத் தம்பி ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு மயக்க மருத்துவர்