வீட்டு மாவிலேயே மெத்தென்ற பான்கேக்

பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று பான்கேக் மாவுப் பாக்கெட் வாங்குவது நம் வீடுகளில் கூடிவருகிறது. அதில் இருப்பவை பெரும்பாலும் மைதா, சர்க்கரை, உப்பு, பேக்கிங் பவுடர்தாம். அளவு தெரிந்தால் அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை.

தேவையானவை: மைதா 1 கப் (125 கிராம்), பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பால் முக்கால் கப், முட்டை 1, உருக்கிய வெண்ணெய் அல்லது நெய் 2 மேசைக்கரண்டி.

செய்முறைக்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்வோம். ஆப்ப மாவு இரவு முழுதும் புளித்து, அதில் உண்டாகும் வாயுவால் பொங்குகிறது. பான்கேக்கில் அந்த வேலையைப் பேக்கிங் பவுடர் சில நிமிடங்களில் செய்கிறது. சோடா உப்பும் உலர்ந்த அமிலப் பொடியும் சேர்ந்தது அது. ஈரமும் சூடும் பட்டால் கரியமில வாயுவை வெளிவிடும். பழையதாகிவிட்டால் இந்தச் சக்தி இராது. அரைத் தேக்கரண்டி பவுடரைச் சுடுநீரில் போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

அடுத்தது கைப்பக்குவம். தோசை மாவைக் கட்டியில்லாமல் கரைத்துப் பழகிய கை நம்முடையது. மைதாவை அப்படி அடித்துக் கலக்கினால் அதிலுள்ள குளூட்டன் இறுகி, பான்கேக் ரப்பர் போலாகும். ஆகவே உலர்ந்த பொருள்களைத் தனியாகவும், பால், முட்டை, வெண்ணெயைத் தனியாகவும் கலந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து, உலர்மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கிளறுங்கள். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். 5 நிமிடம் மூடி வையுங்கள்.

தோசைக்கல்லைச் சூடாக்கி, தீயைக் குறைத்து, லேசாக எண்ணெய் தடவி ஒரு கரண்டி மாவை ஊற்றுங்கள். கரண்டியால் தேய்க்க வேண்டாம். மேலே குமிழிகள் உடைந்து, துளைகள் மூடாமல் நின்றால் திருப்பும் நேரம். ஒரே முறை திருப்புங்கள். தோசைக்கரண்டியால் அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறித் தட்டையாகிவிடும். தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே பச்சை மாவாக நிற்கும்.

பேக்கிங் பவுடர் இல்லையா? பாலுக்குப் பதில் அதே அளவு புளித்த மோரும், அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சோடா உப்பும் சேர்க்கலாம். சோடா கூடினால் சவர்க்காரச் சுவை வரும்.

மைதா தினசரி உணவாக வேண்டாம். பாதிக்குக் கோதுமை மாவு சேர்த்து, பால் சிறிது கூட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரைப் பாகுக்குப் பதில் வாழைப்பழத்தை நறுக்கி வையுங்கள். சிக்கனமும் ஆரோக்கியமும் ஒரே தட்டில் வந்துவிடும்.