மலைநாட்டுப் பயணமும் திசைவிரதமும்

இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் அணுவிரதங்கள் ஐந்தைப் பற்றி நம்மவர் வினவுவதுண்டு, விவாதிப்பதும் உண்டு. திசைவிரதத்தைப் பற்றி எவரும் வினவுவதில்லை. கடல் கடந்து பொருளீட்டிய பண்டை வணிகர்க்காக வகுக்கப்பட்டது அது, நமக்கு அதனால் ஆவது என்ன என்று எண்ணிக் கடந்து விடுகிறோம். ஆனால் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் மகனோ மகளோ ஐரோப்பிய நாடொன்றில் பணிபுரிகின்றனர். கோடை வந்ததும் பெற்றோரை வரவழைத்து, பேரக் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, காரிலேயே சுவிட்சர்லாந்து மலைகளைச் சுற்றி வரத் திட்டமிடுகின்றனர். அப்போது முதியோர் இருவகையாக நடந்துகொள்ளக் காண்கிறோம். சிலர், பயணத்தில் விரதத்திற்கு விலக்கு உண்டு என்று தாமே முடிவு செய்துகொள்கின்றனர். சிலர், விரதம் கெடும் என்றஞ்சிப் பிள்ளைகளின் முகம் வாடும்படி மறுத்து விடுகின்றனர். இவ்விரண்டும் வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. பயணத் திட்டம் தீட்டும் அந்த வேளையே திசைவிரதம் கற்பதற்கு ஏற்ற வேளை.

ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்கு எல்லைக் கற்கள் எவை என்று கூறுகிறார். கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தூரம் ஆகியவையே அவை. அனைவரும் அறிந்த, ஐயத்திற்கு இடமற்ற அடையாளங்களாக அவை இருத்தல் வேண்டும் என்பது கருத்து. எல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களுக்கு நம்மால் எத்தீங்கும் நேராதாதலின், அப்பகுதியைப் பொறுத்த அளவில் இல்லறத்தானின் அணுவிரதம் மாவிரதத்தை ஒத்ததாகிறது. இதுவே இவ்விரதத்தின் பயன்.

திசைவிரதம் வாழ்நாள் முழுமைக்கும் உரியது. அதற்குள், குறித்த சில நாட்களுக்கு மட்டும் எல்லையை இன்னும் சுருக்கிக் கொள்வது தேசவிரதம். தத்துவார்த்த சூத்திரம் இதனைக் குணவிரதங்களோடு சேர்க்கிறது. சமந்தபத்திரர் தேசாவகாசிகம் எனப் பெயரிட்டுச் சிட்சாவிரதங்களில் வைக்கிறார். வைப்புமுறை வேறாயினும் பொருள் ஒன்றே. பத்து நாள் பயணத்திற்கு நாம் மேற்கொள்ளத் தக்கது இத்தேசவிரதமே.

இங்கு ஒன்றை அழுத்தமாகக் கூற வேண்டும். குடும்பத்து மூதாட்டி ஒருவர், கடலைக் கடப்பதில்லை என்று வாழ்நாள் எல்லை ஏற்றிருப்பாராயின், இப்பயணம் அவருக்குரியதன்று. அவரை வற்புறுத்துவதும், 'ஒருமுறைதானே பாட்டி' என்று குழந்தைகளைக் கொண்டு கேட்கச் செய்வதும் தகாது. பயணச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, பிள்ளைகள்தாம் அவரிடம் வந்து சில நாள் தங்குதல் வேண்டும். மற்றவர்க்கு உரியதே மேல்வரும் செய்தி.

முதலில் காலம். தமிழகப் பள்ளிகளின் விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் அமைகிறது. அப்போது ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த கணவாய்ச் சாலைகள் பனியால் மூடிக் கிடக்கும். கிரிம்சல், ஃபுர்க்கா, சுஸ்டன் ஆகியவை பெரும்பாலும் மே இறுதியிலோ ஜூன் மாதத்திலோதான் திறக்கப்படுகின்றன. அக்டோபரில் மீண்டும் மூடத் தொடங்குவர். ஐரோப்பியப் பள்ளி விடுமுறையோ ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. அது நமக்குச் சாதுர்மாசம். மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகுவதால் துறவியர் ஓரிடத்தில் தங்குகின்றனர். அம்மலைகளில் மழைக்காலம் என்று தனியே இல்லாவிடினும், பனி உருகிப் புல்வெளிகள் பூத்துப் பூச்சியினம் பல்கிப் பெருகுவது அம்மாதங்களில்தான். ஆகவே ஜூன் நடுவில் தொடங்கி, ஆஷாட அட்டாஹ்னிகத்திற்கு முன் திரும்பிவிடுதல் நன்று. அவ்வாண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்த பின்னரே விமானச் சீட்டு வாங்க வேண்டும். மே மாதத்தில்தான் செல்ல இயலும் என்போர் பள்ளத்தாக்குகளோடும் ஏரிகளோடும் நிறைவு கொள்ளலாம். அதில் குறை ஒன்றுமில்லை. எல்லை தானாகவே சுருங்கி விடுகிறது.

அடுத்து இடம். நாள்தோறும் ஓர் ஊர் என்று ஓடுவதை விட, ஓரிடத்தைத் தங்குமிடமாகக் கொண்டு சுற்றி வருவதே தேசவிரதத்திற்கு இசைந்தது. சமையலறையுடன் கூடிய விடுமுறை வீடுகள் அங்கு வாரக் கணக்கில், பெரும்பாலும் சனி முதல் சனி வரை, வாடகைக்குக் கிடைக்கின்றன. எடுத்துக்காட்டாக, நாட்டின் நடுப்பகுதியில் உள்ள மைரிங்கன் என்னும் ஊரைக் கொள்வோம். அது 600 மீட்டர் அளவே உயரமுள்ள பள்ளத்தாக்கில் அமைந்தது. முதியோர்க்கு மூச்சுத் திணறல் இராது. அங்கே தங்கும் குடும்பம் இவ்வாறு எல்லை வகுக்கலாம்: வடக்கே லூசெர்ன் நகரம், மேற்கே தூன் ஏரி, கிழக்கே ஆண்டர்மாட் என்னும் ஊர், தெற்கே ரோன் ஆறு தோன்றும் கிளெட்ஷ் பள்ளத்தாக்கு, மேலே 2500 மீட்டர் உயரம். சூரிச் விமான நிலையத்திலிருந்து தங்குமிடம் வந்து சேர்ந்த பொழுதில் விரதம் தொடங்குவதாகவும், மீண்டும் விமான நிலையத்திற்குப் புறப்படும் காலையில் நிறைவுறுவதாகவும் கொள்க.

மேல்திசைக்கு எல்லை எதற்கு என்று கேட்கலாம். திசைவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து: மேலெல்லை கடத்தல், கீழெல்லை கடத்தல், பக்கவெல்லை கடத்தல், எல்லையைப் பெருக்கிக் கொள்ளல், எல்லையை மறத்தல். முதல் மூன்றனுக்கும் பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் எடுத்துக்காட்டுத் தருகிறார். மலை முதலியவற்றில் ஏறுதல் மேலெல்லை கடத்தல். கிணறு முதலியவற்றில் இறங்குதல் கீழெல்லை கடத்தல். குகை முதலியவற்றுள் நுழைதல் பக்கவெல்லை கடத்தல். மலைநாட்டுச் சாலைகளில் செல்வோர்க்கு முதலாவதும் மூன்றாவதும் கண்கூடு. இரண்டாவதற்குக் கார்ப் பயணத்தில் இடம் குறைவு.

மேற்கூறிய எல்லைக்குள்ளேயே நாள் முழுதும் கண்டு மகிழத்தக்க வழி ஒன்று உண்டு. மைரிங்கனிலிருந்து சற்று மேலே இன்னெர்ட்கிர்ஹன் என்னும் ஊர். அங்கிருந்து கிரிம்சல் கணவாய் (2164 மீட்டர்) ஏறிக் கிளெட்ஷில் இறங்கி, ரோன் பனியாற்றின் அருகாக ஃபுர்க்கா கணவாய் (2429 மீட்டர்) கடந்து ஆண்டர்மாட் சேர்ந்து, வாசன் என்னும் ஊரில் திரும்பி, சுஸ்டன் கணவாய் (2224 மீட்டர்) வழியாகப் புறப்பட்ட இடத்திற்கே வரலாம். தூரம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான். ஆயினும் அடுக்கடுக்கான வளைவுகளால் ஒரு பகல் முழுதும் வேண்டும். ரோன் பனியாறு ஆண்டுதோறும் பின்வாங்கிக் கொண்டே போகிறது. அதன் ஓரத்தில் உருகாமல் காக்க வெண்துணி போர்த்தி வைத்திருக்கின்றனர். நம் புகை வண்டிகளும் அதற்கொரு காரணம் என்பதைக் குழந்தைகளுக்கு அவ்விடத்திலேயே எடுத்துரைக்கலாம்.

இவ்வழியில் ஆண்டர்மாட்டுக்கும் வாசனுக்கும் இடையே கோஷனன் என்னும் ஊர் வரும். 1980 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கோத்தார்டு சாலைச் சுரங்கத்தின் வடவாயில் அங்கேதான் உள்ளது. நீளம் சற்றேறக் குறைய 17 கிலோமீட்டர். மலையின் வடபுறம் மழை கொட்டிக் கொண்டிருக்க, தென்புறத்து டிச்சினோ மாநிலத்தில் வெயில் காய்வது அங்கு அடிக்கடி நிகழ்வது. அந்த வாயிலின் முன் யாரேனும் ஒருவர் சொல்வார்: 'கால் மணி நேரத்தில் அந்தப் பக்கம் போய்விடலாமே.' இது பூஜ்யபாதர் கூறிய குகை நுழைதலேயன்றி வேறென்ன? மற்றொருவர் கணக்கிட்டுக் காட்டுவார்: 'வடக்கே லூசெர்ன் வரை நாம் போகப் போவதில்லை. அந்த ஐம்பது கிலோமீட்டரைக் குறைத்துக்கொண்டு தெற்கே சேர்த்தால் சரியாகிவிடும்.' எல்லையைப் பெருக்கிக் கொள்ளல் என்னும் நான்காம் அதிசாரம் இதுதான். விரதம் கிலோமீட்டர்க் கணக்கன்று, ஆசையின் கணக்கு. ஒருபுறம் வேண்டாததை விட்டுக் கொடுத்து மறுபுறம் வேண்டியதை எடுத்துக்கொள்வதில் ஆசை சிறிதும் குறையவில்லை. டிச்சினோவைக் காண விருப்பம் உண்டெனில், புறப்படும் முன்னரே அதனை எல்லைக்குள் அமைத்திருக்கலாம், தடையேதும் இல்லையே. சுரங்கத்தின் வாயிலில் நின்று விரதத்தைத் திருத்தலாகாது.

ஐந்தாவது மறதி. காரில் உள்ள வழிகாட்டிக் கருவி விரைந்து செல்லும் வழியையே காட்டும். நம் எல்லையை அது அறியாது. ஆகவே எல்லைகளை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டி வைத்தல் நலம். குழந்தைகளிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தால் நம்மினும் கண்டிப்பாக இருப்பர்.

தேசவிரதத்திற்கும் தனியே ஐந்து அதிசாரங்கள் உண்டு. எல்லைக்கு அப்பாலிருந்து பொருள் வரவழைத்தல், ஆளை அனுப்பிச் செயல் முடித்தல், குரல் கொடுத்துக் குறிப்புணர்த்தல், உருவைக் காட்டிக் குறிப்புணர்த்தல், கல் முதலியன எறிந்து குறிப்புணர்த்தல் என்பன. 1912 முதல் புகைவண்டி செல்லும் யுங்ஃபிராவ்யோக் நிலையம் 3454 மீட்டர் உயரத்தில் உள்ளது. இதய நோயுள்ள முதியோர் மருத்துவரைக் கேளாது அங்கு ஏறலாகாது. பாட்டி தம் எல்லைக்குள் கீழே தங்க, எல்லை ஏற்காத பேரன் மேலே சென்று கைப்பேசியில் பனிமலையைக் காட்டினால் பாட்டியின் விரதம் கெடுமா என்று கேட்பர். பேரனின் முகத்தைக் கண்டு மகிழ்வதில் கேடில்லை. 'அங்கிருந்து அதை வாங்கி வா' என்று சொன்னால் கேடு உண்டு. குரலும் உருவும் தம்மளவில் குற்றமல்ல. அவற்றைக் கொண்டு எல்லைக்கு அப்பால் காரியம் சாதித்தலே குற்றம்.

இனி இரவுணவு. ஜூன் மாத இறுதியில் அங்குச் சூரியோதயம் காலை 5.30 மணியளவிலும், அத்தமனம் இரவு 9.30 மணியளவிலும் நிகழ்கின்றன. அத்தமனத்திற்கு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்னதாக உண்டு முடிக்கும் வழக்கமுடையோர் 8.40 மணிக்குள் முடித்தால் போதும். உயர்ந்த மலைச்சுவர் மறைப்பதால் பள்ளத்தாக்கில் கதிரவன் மிக முன்னதாகவே மறைவதுபோல் தோன்றும். அத்தோற்றத்தை அத்தமனமாகக் கொள்ள வேண்டியதில்லை; நாட்குறிப்பில் உள்ள நேரத்தையே கொள்க. ஆகஸ்டு இறுதியிலோ அத்தமனம் 8.10 மணியளவிற்கு வந்துவிடும். பகல் நீண்டது என்பதற்காக ஐந்து வேளை உண்பது விரதத்தின் கருத்தன்று என்பதையும் சொல்லி வைப்போம்.

உணவுப் பொருளில் மிக்க கவனம் வேண்டும். அந்நாட்டின் புகழ்பெற்ற குருயேர் பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் ஆக்கப்படுவது. 'சைவம்' என்று அங்குள்ளோர் மனமறிந்தே கூறினும் அது நமக்கு ஆகாது. உருகிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்து உண்ணும் ஃபோண்ட்யூவில் திராட்சை மதுவும் சேர்கிறது. ரோஸ்டி என்பது முழுதும் உருளைக்கிழங்கு. பொட்டலத்தின் மேல் உறைபொருளை ஜெர்மானிய மொழியில் லாப் என்றும், பிரெஞ்சில் பிரெசூர் என்றும், இத்தாலியத்தில் கால்யோ என்றும் குறிப்பர். எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் மூன்று மொழியிலும் ஏறத்தாழ அதே பெயருடன் வரும். குழந்தைகளின் மிட்டாய்களில் முதலில் அதைத் தேடுக. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்குமாதலின் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

இங்கிருந்து அரிசி, பருப்பு, பொடி வகைகள் கொண்டு செல்லலாம். நெய்யும், பாலில் செய்த இனிப்பும் கொண்டு செல்ல அந்நாட்டுச் சட்டம் இடந்தராது. கறிவேப்பிலை போன்ற பசுமைப் பொருள்களும் உரிய சான்றிதழ் இன்றி ஆகா. மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று எவரேனும் யோசனை கூறினால், அது அகிம்சையைக் காக்கச் சத்தியத்தை விடும் செயல். நெய்யில்லாமல் பத்து நாள் உண்க. நீரை வடிகட்டும் துணியும், பிரஷர் குக்கரும் மறவாது எடுத்துச் செல்க. 300 மீட்டர் ஏறினால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறையும். 2000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகப் பொறுமை வேண்டும்.

கார் ஓட்டுவது பற்றியும் சில கூறுவோம். துறவியர் நான்கு முழ அளவு நிலத்தை நோக்கிப் பகலில் நடக்கும் ஈரியா சமிதி கார் ஓட்டுவோர்க்கு இயலாதது. கண்ணாடியில் மோதி மடியும் பூச்சிகளே அதற்குச் சான்று. இதனை மறைத்துப் பயனில்லை. இயன்ற அளவு குறைக்கலாம்: அந்திக்குப் பின் ஓட்டாதிருத்தல், வேகம் தணித்தல், புகைவண்டி செல்லும் இடத்திற்குக் காரை நிறுத்திவிட்டுச் செல்லுதல். ஸெர்மாட் போன்ற ஊர்களில் வெளியார் கார் நுழையவே இயலாது. ஊருக்கு வெளியே சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரே உச்ச வேகம். பகலிலும் விளக்கெரிய வேண்டும். வலப்புறமே செல்ல வேண்டும். குறுகிய மலைச்சாலையில் இரு வண்டிகள் எதிர்ப்பட்டால் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து மூன்று சுரத்தில் ஒலி எழுப்பிக்கொண்டு வளைவில் வரும். அதன் ஓட்டுநர் சொல்வதைக் கேட்டு ஒதுங்குக. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதிக்காமல் தாழ்ந்த கியரில் இறங்குதல் வேண்டும். நெடுஞ்சாலை வில்லை 40 பிராங்க். 2023 முதல் கணினி வழியாகவும் பெறலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டு, 150 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். கார் வாடகைக்குத் தருவோர் அகில உலக ஓட்டுநர் அனுமதியைக் கேட்பதுண்டு. புறப்படுமுன் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்றுக்கொள்க.

விசாவிற்கு விண்ணப்பிக்கும்போது நாள்வாரியாக எங்கெங்குச் செல்வோம் என்று எழுதித்தரும்படி கேட்பர். பயணத்திற்குக் குறைந்தது 15 நாட்களுக்கு முன் அதனை அளிக்க வேண்டும். அத்தாளை நிரப்ப அமரும் மாலையில், குடும்பத்தார் அனைவரும் கூடி, பஞ்ச நமஸ்காரம் கூறி, எல்லைகளையும் அதே வேளையில் முடிவு செய்யலாம். விரதம் ஏற்பவர் யார், ஏற்காதவர் யார் என்பதும் அப்போதே தெளிவாகட்டும். ஏற்க விரும்பாத இளையோரை வற்புறுத்த வேண்டாம். தாங்கமாட்டாத எல்லையை ஏற்று நடுவழியில் கைவிடுவதினும், சற்று அகன்ற எல்லையை ஏற்றுக் காப்பது மேல். எனவே மலை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஆசையுள்ள இடங்களை எல்லாம் ஒருவரும் ஒளிக்காமல் சொல்லிவிட்ட பிறகே கோடு கிழிக்க வேண்டும்.