பாடம் 9: அச்சு செய்வோம்

பிக்கரிங்கிற்கு வடக்கே, அக்ஸ்பிரிட்ஜில், லேக்ரிட்ஜ் என்னும் பனிச்சறுக்குத் திடல் இருக்கிறது. அங்கே சறுக்குவோர் பலர் பலகைகளைக் கடையில் வாங்குவார்கள். சிலர் வீட்டிலேயே செய்வார்கள். அதற்கு முதலில் அச்சு வேண்டும்.

சறுக்குப் பலகையின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். நடுப்பகுதியும் சற்று எழும்பி இருக்கும். நாம் ஏறி நின்றதும் அது தாழும். நம் பாரம் பலகை முழுவதும் பரவும். மரத்தையும் கண்ணாடி இழையையும் அடுக்கடுக்காகப் பசை பூசி, அச்சின் மேல் வைத்து அழுத்துவார்கள். பசை இறுகியதும் அந்த வளைவு அப்படியே நிற்கும்.

தந்தையும் மகளும் கராஜில் பேசுவதைப் படியுங்கள்.

மகள்: அப்பா, அச்சு எண்டால் என்ன?

அப்பா: அம்மம்மா குழல்ல புட்டு அவிக்கிறவ எல்லோ? எத்தினை தரம் அவிச்சாலும் ஒரே வடிவம்தான். அது மாதிரித்தான் இதுவும்.

மகள்: அச்சு இல்லாமல் செய்ய ஏலாதோ?

அப்பா: ரெண்டு பலகையும் ஒரே மாதிரி வளைய வேணும், பிள்ளை. இல்லாட்டி ரெண்டு காலும் ஒரே மாதிரிச் சறுக்காது.

மகள்: பசை அச்சில ஒட்டாதோ?

அப்பா: ஒட்டினால் அச்சு பழுதாப் போகும். அதுக்குத்தான் மேல பிளாஸ்டிக் தாள் விரிக்கிறம்.

மகள்: நான் வளர்ந்தால் பலகை கட்டையாப் போயிடுமே?

அப்பா: அதுதான் அச்சை மூண்டு துண்டாச் செய்யிறன். நுனி, நடு, பின்பகுதி. நீ வளர்ந்தால் நடுத்துண்டை மட்டும் நீளமாச் செய்வம். பழைய நடுத்துண்டு தம்பிக்கு உதவும்.

எல்லா அச்சும் மறுபடி பயன்படுமா? இல்லை. தமிழ்நாட்டில், கும்பகோணத்திற்கு அருகே சுவாமிமலை இருக்கிறது. அங்கே சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசுவார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். அது ஆறியதும் மண் அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். ஓர் அச்சில் ஒரு சிலைதான்! அதைப் போல இன்னொன்று கிடையாது. சறுக்குப் பலகைக்கோ சோடி வேண்டும். ஆகவே என்ன பொருள் செய்யப் போகிறோம் என்று யோசித்த பிறகே அச்சைத் திட்டமிட வேண்டும்.

சொற்பொருள்
சோடி – இரண்டு சேர்ந்தது
பாரம் – எடை
கட்டை – நீளம் குறைந்தது

பயிற்சி
1. எழுத்து வழக்கில் எழுதுக: எண்டால், மூண்டு, செய்வம்.
2. சுவாமிமலைச் சிற்பிகள் அச்சை ஏன் உடைக்கிறார்கள்?
3. உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள ஓர் அச்சைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.