மீன்தொட்டி நீரின் இயல்பு

நீர் தெளிவாக இருந்தால் மீன் நலமாக வாழும் என்பது பலரது எண்ணம். ஆனால், பளிங்குபோல் தெளிந்த நீரிலும் மீன்கள் மடிவதுண்டு. கண்ணுக்குப் புலப்படாத நீரின் இயல்புகளுள் முதன்மையானது அமில காரத்தன்மை. இதனை அளப்பதற்கான பி.எச். அளவுகோலை டென்மார்க்கு நாட்டு வேதியியல் அறிஞர் சோரன்சன் 1909ஆம் ஆண்டில் வகுத்தார். பொதுவாக 0 முதல் 14 வரை செல்லும் இவ்வளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழ்ப்பட்டது அமிலம், மேற்பட்டது காரம். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். 8 என்பது 6 ஆகும்போது நிகழ்வது நூறு மடங்கு மாற்றம்.

ஊருக்கு ஊர் நீர் வேறுபடும். இராசத்தானின் ஆழ்துளைக் கிணறுகளில் பெரும்பாலும் கடினநீரே கிடைக்கிறது. கேரளத்தின் செம்புரைக்கல் நிலக் கிணறுகளில் சற்றே அமிலத்தன்மையுள்ள நீர் ஊறுகிறது. மீன்களும் அவ்வாறே வேறுபடும். கப்பி, மோலி ஆகியவை சற்றுக் காரமான கடினநீரில் செழிக்கும். அமேசான் காட்டாறுகளைத் தாயகமாகக் கொண்ட நியான் டெட்ராவோ, சருகுகள் ஊறிய மென்னீருக்குப் பழகியது. மீனுக்காக நீரை மாற்றுவதினும், தம் ஊர் நீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே எளிய வழி.

நீரில் கரைந்துள்ள கார்பனேட்டு உப்புகள், சேரும் அமிலத்தை ஈடுசெய்து பி.எச். அளவை நிலைநிறுத்துகின்றன. இதனை அறியாத சிலர், அளவைக் குறைக்க எலுமிச்சைச் சாற்றைப் பிழிகின்றனர். அளவு இறங்கும், சில மணி நேரத்தில் மீண்டும் ஏறும். மறுபடியும் பிழிவார்கள். இந்த ஏற்ற இறக்கமே மீனை வாட்டுகிறது. இன்னும் சிலர், வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியின் நீரை மட்டுமே தொட்டியில் நிரப்புகின்றனர். மனிதர் பருகுவதற்கு ஏற்ற அந்நீரில் உப்புகள் மிகக் குறைவு. சிறிதளவு அமிலம் சேர்ந்தாலும் அதன் பி.எச். சட்டென்று சரியும். அதனுடன் குழாய்நீரைக் கலந்து பயன்படுத்துவது நன்று.

பழைய தொட்டிகளில் நேரும் இடர் ஒன்று தனியே கூறத்தக்கது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிரிகள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அச்செயலின்போது கார்பனேட்டு உப்புகள் செலவாகின்றன. பல மாதங்கள் நீரை மாற்றாமல் விட்டால் உப்புகள் தீர்ந்து, பி.எச். 6க்கும் கீழே இறங்கக்கூடும். அந்நிலையில் நுண்ணுயிரிகளின் செயல் தளர, கழிவு தேங்குகிறது. எனினும் அமில நீரில் அது பெரும்பாலும் நச்சு குறைந்த அம்மோனியமாகவே இருப்பதால் மீன்கள் ஒருவாறு உயிர் பிழைத்திருக்கும்.

ஒருநாள் வீட்டார் முழுத் தொட்டியையும் தூய்மை செய்ய முனைகின்றனர். பாதிக்கு மேற்பட்ட நீரை இறைத்துவிட்டுக் காரத்தன்மையுள்ள குழாய்நீரை ஊற்றுகின்றனர். பி.எச். திடீரென உயர்கிறது. எஞ்சியிருந்த அம்மோனியம் கொடிய அம்மோனியாவாக மாறுகிறது. பி.எச். 7இல் இருந்து 8 ஆக உயர்ந்தால் இந்நச்சின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். காலையில் நீந்திய மீன்கள் மாலையில் மிதக்கின்றன. புதுநீர்தான் கெட்டது என்று வீட்டார் கருதுகின்றனர்! இத்தகைய தொட்டியில் நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றி, பல நாட்களில் சீர்செய்தல் வேண்டும். நன்னிலையில் உள்ள தொட்டிக்கோ வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும்.

பி.எச். அளவை நிறங்காட்டித் தாளாலோ கரைசலாலோ அறியலாம். செடிகள் உள்ள தொட்டியில் பகலில் ஒளிச்சேர்க்கையால் கரியமில வாயு குறைய, பி.எச். ஏறும்; இரவில் இறங்கும். ஆதலால் நாள்தோறும் ஒரே வேளையில் அளத்தல் நலம். குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்தபின் அளந்தால்தான் உண்மையான அளவு தெரியும். அளவைச் சற்றே குறைக்க உலர்ந்த நாட்டு வாதுமை இலையையும், உயர்த்தக் கிளிஞ்சலையும் தொட்டியில் இடுவர். இவை மெல்லச் செயற்படுவதால் மீனுக்கு அதிர்ச்சி நேர்வதில்லை. வாதுமை இலை நீரைத் தேநீர் நிறமாக்கும். அதனால் தீங்கு ஏதுமில்லை.

பயிற்சி

1. எலுமிச்சைச் சாறு பிழிந்த நீரின் பி.எச். அளவு மீண்டும் உயர்வது ஏன்?
2. பழைய தொட்டியில் புதுநீரை ஊற்றியவுடன் மீன்கள் மடிந்தமைக்கு உண்மைக் காரணம் யாது?
3. பிரித்து எழுதுக: கடினநீர், மென்னீர், நன்னிலை.
4. உங்கள் பள்ளிக் குழாய்நீரைக் காலையிலும், ஒருநாள் திறந்து வைத்த பின்னரும் அளந்து, கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.