கல்லுக்குள் தேரையும் கதிரியக்கமும்

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் உணவு உண்டு என்பது நம் முன்னோர் வாக்கு. தேரை இருக்கிறதோ இல்லையோ, கல்லுக்குள் உயிர் இருக்கிறது என்பதை அறிவியல் மெய்ப்பித்துள்ளது. அவ்வுயிருக்கும் பாறையில் உறையும் கதிரியக்கத் தனிமங்களுக்கும் உள்ள உறவை இங்குக் காண்போம்.

நம் மலைப் பாறை

போடி மேற்கு மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க மத்திய அரசு 2015-இல் ஒப்புதல் அளித்தபோது, 'சார்னோகைட்' என்னும் பாறையின் பெயர் நம்மில் பலருக்கு அறிமுகமாயிற்று. கிரானைட், நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறைகளில் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிதளவு கலந்துள்ளன. சாதாரணக் கிரானைட்டில் டன்னுக்குச் சில கிராம் யுரேனியம் இருக்கும். பாறைக்குள் இருக்கும்வரை அது பெட்டிக்குள் பூட்டிய பொருள். குடிநீரில் கரைந்து மிகுந்தால்தான் சிறுநீரகத்துக்குக் கேடு.

கதிரியக்கமே உணவு

தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில், 2.8 கிலோமீட்டர் ஆழத்துப் பாறை இடுக்கு நீரில் ஒரு பாக்டீரியா வாழ்கிறது. அங்கே சூரிய ஒளி இல்லை, உயிர்வளியும் இல்லை. யுரேனியம் முதலியவற்றின் கதிர்கள் நீர் மூலக்கூறைப் பிளக்கின்றன; வெளிப்படும் ஹைட்ரஜனைக் கொண்டே அவ்வுயிர் பிழைக்கிறது. தேரைக்கு உணவு கிடைத்த விதம் இதுவே!

பூட்டும் சாவியும்

யுரேனியத்துக்கு முக்கியமான இரு நிலைகள் உண்டு. இணைதிறன் நான்காக இருக்கையில் அது நீரில் எளிதில் கரையாது. ஆறாக உயர்ந்தால் கரையும். ஜியோபாக்டர் என்னும் பாக்டீரியா ஆறை நான்காக்கி, கரைந்த யுரேனியத்தை மீண்டும் திண்மமாக்குகிறது. இதை லவ்லி என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் 1991-இல் வெளியிட்டனர். இதற்கு நேர்மாறாக, இரும்பை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்கள் நான்கை ஆறாக்க உதவுகின்றன. இவற்றின் துணையால் கனடாவில் தாதுவிலிருந்து யுரேனியம் கரைத்தெடுக்கப்பட்டது. ஆக, பூட்டுவதும் நுண்ணுயிரே, திறப்பதும் நுண்ணுயிரே.

நமக்கு இதில் என்ன?

பயிர் உண்டது போக மிஞ்சும் தழைச்சத்து உரம் நைட்ரேட்டாக மாறி நிலத்தடிக்கு இறங்குகிறது. சில பாக்டீரியாக்கள் உயிர்வளிக்குப் பதிலாக அந்த நைட்ரேட்டைப் பயன்படுத்துகின்றன. அப்போது யுரேனியமும் கரையும் நிலைக்கு மாறக்கூடும். அமெரிக்காவின் இரு பெரிய நிலத்தடி நீர்ப்பரப்புகளில் நைட்ரேட் மிகுந்த இடங்களில் யுரேனியமும் மிகுந்திருப்பதை 2015-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் வாழையும் திராட்சையும் உரமின்றி விளைவதில்லை. முல்லைப் பெரியாற்று நீர் எட்டாத மேட்டு நிலங்களுக்கு ஆழ்துளைக் கிணறே கதி. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் யுரேனியம் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரம்பு. யுரேனியத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டும். நைட்ரேட்டையோ கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே சோதிக்கலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்துக் கிணற்று நீரை ஒரு குப்பியில் கொண்டுவந்தால், நல்லதோர் ஆய்வு நம் கல்லூரியிலேயே தொடங்கும். மலையைக் கண்டு அஞ்சுவதைவிட, மண்ணில் அளவறிந்து உரமிடுவதே அறிவுடைமை!