வீட்டுப் பதிவுக்கு மாஸ்டரிங்

மிக்ஸிங் முடிந்த பாட்டுக்குப் போடும் கடைசி மெருகே மாஸ்டரிங். 2014-ல் கனடாவில் தொடங்கிய லேண்டர் சேவையில், இணையத்தில் ஏற்றிய பதிவைக் கணினியே சீராக்கித் தரும்.

எங்க குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். ஸ்டுடியோவுக்குக் காசு ஏது? ஸ்ரீரங்கத்து வீட்டில் அப்பா வாசிக்கும் தவிலை நானே பதிகிறேன். அதற்கு மூன்று விதிகள்:

1. ஃபேனை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். மாஸ்டரிங்கில் இரைச்சலும் சேர்ந்து உயரும்.

2. அளவு மீறிச் சத்தம் கூட்டாதீர்கள். லிமிட்டர் உச்சங்களை அமுக்கும். தவிலின் அடி மழுங்கிவிடும். ஸ்பாட்டிஃபை வழக்கமாக -14 லஃப்ஸ் அளவுக்கு இறக்கித்தான் ஒலிக்கும்.

3. காசு கட்டுமுன் இரண்டு பதிவையும் ஒரே சத்தத்தில் கேளுங்கள். சத்தம் கூடினாலே நல்லா இருக்கிற மாதிரி தோணும்.

கேட்டுவிட்டு அப்பா, "இது என் கை இல்லையே" என்றால், அந்தப் பதிவு வேண்டாம்.